மண்டிக்காரரைத் திட்டுவதற்கு முன்னால்

"இடைத்தரகரை ஒழிச்சாத்தான் விவசாயி உருப்படுவான்." இதைச் சொல்லாத நகரத்து ஆள் ஒருத்தரைக்கூட நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. ஐடி கம்பெனியில் இருக்கிறவர் சொல்கிறார். பேங்க்கில் இருந்து ரிடையர் ஆனவர் சொல்கிறார். யூட்யூப் பார்த்துவிட்டு ரெண்டு ஏக்கர் வாங்கலாமான்னு விசாரிக்க வர்றவரும் காரை விட்டு இறங்கினதும் அதையேதான் சொல்கிறார். நல்ல மனசோடதான் சொல்றாங்க, அதில் சந்தேகம் இல்லை. ஆனா 2020-ல் அந்த இடைத்தரகர் நிஜமாவே முக்கால்வாசி ஒழிஞ்சு போனார். கொரோனா ஒழிச்சுது. ஏறக்குறைய அஞ்சு மாசம். அந்த அஞ்சு மாசத்துல நாங்க உருப்பட்டோமான்னு ஒருத்தரும் கேக்கறதில்லை. கேக்காததை நானா எழுதறேன். கொஞ்சம் காட்டமா இருந்தா பொறுத்துக்கங்க.

எங்க ஊர் திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவுல. மாசி, பங்குனியில இந்தப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், ரோட்டோரம் பூரா தர்பூசணி குவிஞ்சு கிடக்கும். மார்கழியில விதை போட்டா எழுபது நாள்ல வெட்டுக்கு வந்துடும். வியாபாரி கொல்லைக்கே வந்து காயைத் தட்டிப் பார்த்து, விலை பேசி, அட்வான்ஸ் குடுத்து, அவரே ஆள் வெச்சு வெட்டி லாரியில ஏத்திட்டுப் போவார். 2020-லயும் அப்படித்தான் பேச்சு முடிஞ்சுது. கிலோ எட்டு ரூபாய். மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணிக்குத் தமிழ்நாட்டுல 144, அன்னைக்கு நள்ளிரவுல இருந்து நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. காய் அப்ப கொடியிலதான் இருக்கு.

இங்க ஒரு விஷயத்தைத் தெளிவாச் சொல்லிடறேன். போலீஸ் வண்டியை மடக்கினதாலதான் விவசாயி நட்டப்பட்டான்னு பல பேர் நினைக்கிறாங்க. முதல் சில நாள் அந்தக் கூத்து நடந்தது உண்மைதான். ஆனா மார்ச் 27-ம் தேதியே மத்திய அரசு விவசாய வேலை, மண்டி, உரக்கடை, அறுவடை மெஷின் எல்லாத்துக்கும் விலக்கு குடுத்துடுச்சு. வண்டி ஓடலாம். ஓடிப் போய் யாருக்கு விக்கறது? தர்பூசணி மளிகைச் சீட்டுல எழுதி வாங்கற சாமான் இல்லைங்க. வெயில்ல நடந்து போறவர், பஸ்ஸுக்கு நிக்கறவர், ஸ்கூல் விட்டு வர்ற பசங்க, இவங்கதான் ஓலைப் பந்தல்ல நின்னு ஒரு துண்டு வாங்கித் தின்பாங்க. ரோட்டுல மனுஷரே இல்லைன்னா தர்பூசணிக்கு வியாபாரமே இல்லை. போதாததுக்கு, குளிர்ச்சியாத் தின்னா சளி பிடிக்கும், சளி பிடிச்சா கொரோனாதான்னு ஒரு பயம் வேற. அட்வான்ஸ் குடுத்த வியாபாரி போன் பண்ணி, "அண்ணே, அந்தக் காசை நீங்களே வெச்சுக்கங்க, நான் வரலை"ன்னு சொன்னார். அவர் மேல எனக்குக் கோபம் இல்லை. அவருக்குப் போனது என் நட்டத்தைவிடக் கம்மியும் இல்லை. ஆடு மாடு தின்னது போக மீதியை ரொட்டவேட்டர் விட்டு மண்ணோட சேர்த்தோம்.

அந்த வருஷம் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் நாட்டோட உற்பத்தி 23.9 சதவீதம் விழுந்தது, விவசாயம் மட்டும் 3.4 சதவீதம் வளர்ந்ததுன்னு பின்னாடி கணக்கு வந்தது. "நாட்டைத் தூக்கி நிறுத்தியது விவசாயிதான்"னு வாட்ஸ்அப்ல வாழ்த்து வேற. வளர்ந்தது விளைச்சல். என்ன விலைக்குப் போச்சு, எவ்வளவு காசு கைக்கு வந்ததுன்னு அந்தக் கணக்கு சொல்லாது. எங்க கொல்லைக்கு வந்து பார்த்திருந்தா ரொட்டவேட்டர் சொல்லியிருக்கும்.

வெண்டைக்காய் கதை வேற. அது வீட்டுச் சமையலுக்குப் போற காய், ஊரடங்குலயும் சாப்பிட்டுத்தான் ஆகணும். ஏப்ரல் முழுக்க கோயம்பேட்டுக்கு வண்டி போய்க்கிட்டுத்தான் இருந்தது. ஆனா ஓட்டல், ஹாஸ்டல், கல்யாண மண்டபம் எல்லாம் பூட்டியாச்சு. மண்டியில சரக்கு எப்படி நகருதுன்னா, தள்ளுவண்டிக்காரரும் சின்னக் கடைக்காரரும் விடியக்காலை கடனுக்கு எடுத்துட்டுப் போய், வித்துட்டு, மறுநாள் காசு குடுத்துட்டு அடுத்த சரக்கு எடுப்பாங்க. ஓட்டல்காரங்களுக்கு வாரக்கணக்கு, மாசக்கணக்கு. மார்ச் 24-ல கதவைச் சாத்தினதும் அந்த ஓட்டல் பாக்கி அப்படியே உறைஞ்சு போச்சு. மண்டிக்காரருக்கு வரல, அதனால எங்களுக்கும் வரல. ரோடு திறந்திருந்தும் வியாபாரம் முடங்கினதுக்குக் காரணம் இந்தக் கடன் சங்கிலி அறுந்து போனதுதான். ஊரடங்கு நிவாரணம்னு எத்தனையோ திட்டம் அறிவிச்சாங்க, இந்தச் சங்கிலியைப் பத்தி யாரும் வாயே திறக்கலை.

இப்ப ஏப்ரல் 25-க்கு வர்றேன். சென்னை, மதுரை, கோவையில 26-ல இருந்து நாலு நாள் முழு ஊரடங்குன்னு 24-ம் தேதி அறிவிக்கிறாங்க. நடுவுல இருக்கறது ஒரே ஒரு நாள், சனிக்கிழமை. நாலு நாளைக்குக் காய் வேணும்னா ஜனம் எங்க போகும்? கோயம்பேட்டுக்கும் தெருக் கடைக்கும்தான் போகும். போச்சு. தோளோட தோள் உரசிட்டு நின்னுச்சு. அந்தக் கூட்டத்தைச் சேர்த்தது காய்கறிக் கடை இல்லை, ஒரு நாள் அவகாசம் குடுத்த அந்த அறிவிப்பு. ஆனா ரெண்டே வாரத்துல "கோயம்பேடு"ன்றது ஒரு மார்க்கெட்டோட பேர்ன்றது போய், நோயோட பேர் ஆயிடுச்சு. கடலூர், விழுப்புரம், அரியலூர்னு மாவட்டம் மாவட்டமா "கோயம்பேடு தொடர்பு"ன்னு எண்ணிக்கை வாசிச்சாங்க. மே 5-ம் தேதி மார்க்கெட்டை மூடினாங்க. மே 7-ம் தேதி சென்னை தவிர மத்த இடத்துல டாஸ்மாக் திறந்தாங்க. மறுநாள் உயர் நீதிமன்றம் அதை மூடச் சொல்லிச்சு, அது வேற கதை. ஆனா எதை மூடலாம், எதைத் திறக்கலாம்னு யோசிச்சவங்க மனசுல என்ன இருந்ததுன்னு அந்த ரெண்டு தேதியும் சொல்லும்.

மூவாயிரத்துக்கும் மேல கடை இருந்த இடத்தை மூடிட்டு, திருமழிசையில சுமார் 200 கடைக்கு ஷெட் போட்டாங்க. பழம் மாதவரத்துக்கு, பூ வானகரத்துக்கு. ஒரு வாரத்துக்குள்ள இவ்வளவு செஞ்சது பெரிய வேலைதான், மறுக்கலை. ஆனா எங்க மண்டிக்காரருக்கு அந்த இருநூத்துல இடம் கிடைக்கலை. செப்டம்பர் 28-ல காய்கறி மார்க்கெட் மறுபடி திறக்கிற வரைக்கும் அவர் வீட்ல உக்காந்திருந்தார். நான் வெண்டைக்காயோட இங்க உக்காந்திருந்தேன்.

வெண்டைக்காய் உக்காராதுங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கணும். ஒரு பறிப்பு தவறினா முத்திடும், நார் ஓடிடும், அப்புறம் மாட்டுக்குத்தான். முத்தின காயைச் செடியிலயே விட்டா புதுப் பிஞ்சும் இறங்காது. எனக்கு ஒரு பறிப்புக்கு முந்நூறு நானூறு கிலோ வரும். ராத்திரி எட்டு மணிக்கு ஊர்ல ஏழெட்டு பேர் காயையும் சேர்த்து ஏத்திட்டு மினி லாரி கிளம்பும். மண்டியில நடுராத்திரி இறக்கிடுவாங்க. விடியறதுக்குள்ள வித்துடும். மறுநாள் அதே டிரைவர்கிட்ட சீட்டும் காசும் வரும். நூறு கிலோ வந்தாலும் எடுத்துக்கணும், ஆயிரம் கிலோ வந்தாலும் எடுத்துக்கணும். நல்ல காயும் எடுத்துக்கணும், கொஞ்சம் கோணலான காயும் எடுத்துக்கணும், வருஷத்துல 360 நாளும் ராத்திரி ஒரு மணிக்கு முழிச்சிருக்கணும். மண்டிக்காரர் செய்யற வேலை இதுதான். அவர் இல்லாதப்பதான் இது ஒரு வேலைன்றதே எங்க ஊர்ல பாதிப் பேருக்கு உறைச்சுது.

சரி, அவர் இல்லாதப்ப உங்க நேரடிக் கொள்முதல் என்ன ஆச்சு? அதையும் செஞ்சு பார்த்தோமே!

முதல்ல ஒரு ஆப் கம்பெனி வந்தது. பேர் வேண்டாம். ஏ கிரேடு மட்டும் எடுப்பாங்க. விரல் நீளம், ஒரே பச்சை, வளைவு இருக்கக் கூடாது. பறிச்சதுல பாதிதான் தேறும். மீதியை என்ன செய்யறதுன்னு கேட்டா, "அது உங்க பாடு சார்." கடை எல்லாம் மெல்லத் திறக்க ஆரம்பிச்சதும் வண்டி வர்றது நின்னு போச்சு. வரமாட்டோம்னு சொல்லக்கூட இல்லை, நின்னு போச்சு. அந்த நம்பருக்கு அடிச்சா ஒரு பொண்ணு ரெக்கார்டு குரல்ல நன்றி சொல்லுது. மண்டிக்காரரா இருந்தா வேண்டாம்னாலும் போன் பண்ணித் திட்டியாவது சொல்லியிருப்பார்.

அடுத்தது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்க இருக்கிற நம்ம ஊர்ப் பையன் வாட்ஸ்அப் குரூப் போட்டான். முதல் தடவை 62 வீடு, வீட்டுக்கு அஞ்சு கிலோ பை, 250 ரூபாய். நல்ல ஜனங்கதான், கேட்டுக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டாங்க, ஒரு அம்மா தண்ணி பாட்டில் குடுத்தாங்க. ஆனா அஞ்சு கிலோ வெண்டைக்காயை யார் திம்பாங்க? தக்காளி வேணும், வெங்காயம் வேணும், கேரட் வேணும், பச்சை மிளகாய் வேணும். திண்டிவனத்துல கேரட் விளையுமா? அதனால நான் என்ன பண்ணேன், உள்ளூர் மண்டியில வெங்காயமும் கேரட்டும் வாங்கி என் காயோட கலந்து பை போட்டேன். இதை அவங்ககிட்டயும் சொன்னேன், சிரிச்சுட்டு விட்டுட்டாங்க. "விவசாயியிடம் இருந்து நேரடியாக"ன்னு குரூப்ல போட்டோ. பையில பாதி சரக்கு மண்டிச் சரக்கு, அதைக் கொண்டு வந்த இடைத்தரகர் நான்.

கணக்கையும் சொல்லிடறேன். பை கட்ட நாலு பேர் கூலி, பை விலை, போக வர 240 கிலோமீட்டர் டீசல், அழுகினதுக்குப் பதிலாக் குடுத்தது, இ-பாஸுக்கு அலைஞ்சது. எல்லாம் போட்டா 250 ரூபாய் பைக்கு 85 ரூபாய் செலவு. மூணுல ஒரு பங்கு. அன்னைக்கு என் கொல்லையில வேலை நடக்கலை, அது தனி. அஞ்சாவது தடவை போறப்ப ஆர்டர் 11 வீடு. ஏன்னா அதுக்குள்ள தெருமுனையில கடை திறந்துடுச்சு. அதை நான் தப்புன்னே சொல்லலை. தினம் சமைக்கிறவங்களுக்குத் தெருமுனைக் கடைதான் வசதி. ஆனா அந்தத் தெருமுனைக் கடைக்குக் காய் எங்க இருந்து வருதுன்னு நினைக்கிறீங்க?

உங்க தெருவுல வெண்டைக்காய் 40 ரூபாய்னு வெச்சுக்குவோம். எனக்குக் கையில 18 ரூபாய். மீதி 22 ரூபாயை மண்டிக்காரர் தின்னுட்டார்னு நீங்க கணக்கு போடறீங்க. மண்டியில அது வித்தது 24-க்கு. அதுல அவர் கமிஷன் நூத்துக்குப் பத்து, ரெண்டு ரூபாய் நாப்பது பைசா. வண்டி வாடகை ரெண்டு ரூபாய், ஏத்துக்கூலி இறக்குக்கூலி ஒரு ரூபாய், கோணி, தரகு, சில்லறைன்னு அறுபது பைசா. அதுக்கு மேல இருக்கிற 16 ரூபாய், காலையில மூணு மணிக்கு எந்திரிச்சு ஆட்டோ வெச்சு எடுத்துட்டு வந்து, வாடினதைக் கழிச்சு, உங்க அம்மா பேரம் பேசினப்புறம் கொசுறா கறிவேப்பிலையும் குடுக்கிறாரே, அவருக்கு. அவரும் ஒரு குடும்பத்தைத்தான் காப்பாத்தறார். இதுல யாரை ஒழிக்கலாம்னு நீங்களே சொல்லுங்க.

மண்டிக்காரர் மகாத்மான்னு நான் சொல்லலை. மூட்டைக்கு ஒரு கிலோ கழிவுன்னு எடுப்பார், ஏன்னு கேட்டா வழக்கம்பார். என்ன விலைக்கு வித்ததுன்னு அவர் சொன்னாத்தான் தெரியும், ஏலத்தை நாங்க கண்ணால பார்க்கிறதில்லை. விதைக்கு முன்பணம் குடுப்பார், வட்டி கேக்க மாட்டார், ஆனா அந்தக் காசு தீர்ற வரைக்கும் வேற கடைக்குக் காய் போடவும் முடியாது. இதெல்லாம் திருத்த வேண்டிய விஷயம். எலக்ட்ரானிக் தராசு, அச்சடிச்ச சீட்டு, வித்த விலை அப்பவே போனுக்கு வர்ற மாதிரி ஒரு ஏற்பாடு, சட்டப்படி கழிவுக்குத் தடை. இதைக் கேட்டுச் சண்டை போடுங்க, நானும் வர்றேன். பல்லு வலிக்குதுன்னா பல்லைப் பார்க்கணும், தாடையையே பேத்து எடுத்துட்டு "இனி வலிக்காது"ன்னா எப்படி? 2020 ஜூன் 5-ம் தேதி, ஊரே அடைஞ்சு கிடந்த நேரத்துல, இதே "இடைத்தரகர்கிட்ட இருந்து விடுதலை" பாட்டோடதான் மூணு அவசரச் சட்டம் வந்தது. அடுத்த வருஷம் நவம்பர்ல வாபஸ் வாங்கினாங்க. நடுவுல ஒரு வருஷம் டெல்லி எல்லையில பனியிலயும் வெயிலிலயும் உக்காந்தது யாருன்னு உங்களுக்கே தெரியும்.

இதுல எங்க ஊரோட லட்சணத்தையும் சொல்லியாகணும். நகரத்தை மட்டும் திட்டினா அது நியாயம் இல்லை. ஊரடங்கு போட்ட மூணாம் நாளே ஊர் எல்லையில கருவ முள்ளை வெட்டிப் போட்டாங்க. வெளியூர் ஆள் வரக் கூடாதுன்னு சுண்ணாம்புல எழுதி வெச்சாங்க. சரி, பயம். ஆனா "வெளியூர் ஆள்" யார்னு பார்த்தா, எங்க ஊர்ப் பிள்ளைங்கதான். கோயம்பேட்டுல மூட்டை தூக்கற தம்பி ஒருத்தன், மார்க்கெட் மூடினதும் சரக்கு இறக்கிட்டுத் திரும்பற லாரியில வந்து இறங்கினான். பள்ளிக்கூடத்துல பதினாலு நாள் வெச்சாங்க. அவனுக்கு டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைன்னு வந்தது. வந்தும் அவங்க அம்மாவுக்கு ஒரு மாசம் பால் ஊத்தலை, கடையில சாமானைத் தரையில வெச்சு எடுத்துக்கச் சொன்னாங்க. அந்த அம்மா வீடு காலனிப் பக்கம்ன்றதையும் சேர்த்துச் சொன்னாத்தான் விஷயம் முழுசாப் புரியும். பக்கத்துத் தெருவுல சென்னையில இருந்து கார்ல வந்து இறங்கின குடும்பத்துக்கு யாரும் முள் வெட்டிப் போடலை.

அந்தத் தம்பி மாதிரி ஆளுங்க மண்டி வராந்தாவுலதான் படுத்துக்குவாங்க, மெஸ்ஸுல சாப்பிடுவாங்க. ஊரடங்குல மெஸ் மூடிட்டான். அப்பவும் ராத்திரி ராத்திரி சென்னைக்குச் சோறு போட்டது அவங்க தோள்தான். டாக்டருக்கும் நர்ஸுக்கும் தூய்மைப் பணியாளருக்கும் கை தட்டினீங்க, தட்ட வேண்டியதுதான். மூட்டை தூக்கறவர் முன்களப் பணியாளர்னு யார் பட்டியல்லயும் வரலை. நோய் வந்தப்ப மட்டும் பட்டியல்ல முதல் ஆளா வந்தாங்க. மார்க்கெட் அஞ்சு மாசம் மூடினதுக்கு அவங்களுக்கு யாரும் சம்பளம் குடுக்கலை, ஏன்னா அவங்களுக்குச் சம்பளமே கிடையாது, மூட்டைக் கணக்குதான். அந்தத் தம்பி இப்ப மறைமலைநகர் பக்கம் வாட்ச்மேன். மண்டிக்குத் திரும்பலை.

2021 மே மாசம் ஆட்சி மாறியிருந்தது. அப்ப என்ன நடந்தது? 24-ம் தேதியில இருந்து மளிகை, காய்கறி உட்பட எல்லாக் கடையும் மூடல்னு அறிவிச்சு, 22, 23 ரெண்டு நாள் மட்டும் திறந்து விட்டாங்க. மறுபடி அதே கூட்டம், காய் விலை மறுபடி எகிறிச்சு. அந்த விலையில எங்களுக்கு எவ்வளவு வந்திருக்கும்னு சொல்லத் தேவையில்லை. தோட்டக்கலைத் துறை வண்டியில காய் விக்க ஏற்பாடு பண்ணது 2020-ஐவிட நல்ல காரியம். ஆனா அவகாசம் குடுக்காம மூடினா கூட்டம் கூடும்ன்ற ஒரு பாடத்தை மட்டும் ரெண்டு கட்சியும் படிக்கவே இல்லை.

கொத்தவால் சாவடி நெரிசலாப் போச்சுன்னுதான் 1996-ல கோயம்பேட்டுக்கு மாத்தினாங்க. கால் நூற்றாண்டுக்கு அப்புறமும் ஒரு பெரிய நகரத்தோட மொத்தக் காயும் அந்த ஒரே வாசல் வழியாத்தான் போகுது. அந்த வாசலை மூடினா உள்ள இருக்கிறவனும் பட்டினி, வெளிய இருக்கிறவனும் பட்டினி. நோய்க்கு மட்டும் இல்லை, வெள்ளத்துக்கும் இதே கதிதான். திண்டிவனத்துக் காய் இறங்க தெற்கே ஒரு மொத்த மார்க்கெட், ஆந்திரா காய்க்கு வடக்கே ஒண்ணு, ஓசூர் காய்க்கு மேற்கே ஒண்ணுன்னு நிரந்தரமா இருந்தா, ஒண்ணை மூடினாலும் மத்தது ஓடும். திருமழிசையில அவசரத்துக்குப் போட்ட ஷெட் மழை வந்ததும் சேறும் சகதியுமா ஆனதைப் பார்த்தோம். திருச்சியில காந்தி மார்க்கெட்டை மூடிட்டு ஜி கார்னர் மைதானத்துல ராத்திரியில மொத்த வியாபாரம் நடத்தினாங்களே, பல ஊர்ல உழவர் சந்தையைப் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்கூல் மைதானத்துக்கும் மாத்தினாங்களே, அப்படி இடம் பிரிச்சா வியாபாரம் நடக்கும்னு நாமே கண்ணால பார்த்தாச்சு.

அதனால விவசாயிக்கு ஏதாவது செய்யணும்னு துடிக்கிற நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். என்கிட்ட நேரடியா அஞ்சு கிலோ வெண்டைக்காய் வாங்கறதுக்கு 120 கிலோமீட்டர் கார்ல வராதீங்க, வந்தா காபி குடுப்பேன், அது வேற. அடுத்த தடவை உங்க வார்டு கவுன்சிலரோ எம்.எல்.ஏ-வோ ஓட்டு கேட்டு வர்றப்ப இதைக் கேளுங்க: நாளைக்குக் கோயம்பேட்டை மூடினா, மறுநாள் ராத்திரி ஒரு மணிக்குக் காய் லாரி எந்த மைதானத்துல நிக்கும்? அங்க எத்தனை மண்டிக்கு இடம்? மூட்டை தூக்கறவர் எங்க படுப்பார், அவருக்கு யார் சோறு போடுவா?